எண்ணுக்கு உரியது எது?

தமிழில் அகராதிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிகண்டுகள் தோன்றின. சொற்களையும் அவற்றின் பொருளையும் செய்யுளில் அமைத்து, மாணாக்கர் மனப்பாடம் செய்துகொள்ளுமாறு இயற்றப்பட்ட நூல்கள் அவை. திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தவை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று செல்லும் அத்தொகுதிகளுள் இறுதியானது, பல பொருள்கள் கூடி ஓர் எண்ணால் பெயர் பெற்ற தொகைகளுக்கு உரியது. இருவினை, முக்குணம் என்பன போன்ற பெயர்கள் அங்கே எண் வரிசையில் நிற்கும்.

உலகில் மூன்றாக உள்ளவை எண்ணிறந்தன. அடுப்புக்குக் கல் மூன்று. தேங்காய்க்குக் கண் மூன்று. இவற்றையெல்லாம் வாரிச் சேர்க்க நிகண்டாசிரியர் புகுந்திருப்பாராயின் நூல் முடிந்திராது. மூவேந்தர் என்னும் சொல்லோ அத்தகையதன்று. அதனைக் கேட்ட அளவில், பெயர் கூறாமலே சேர சோழ பாண்டியர் மூவரும் கண்முன் வந்து நிற்கின்றனர். அங்கே எண்ணே பெயராகிவிட்டது. இதனையே இலக்கண ஆசிரியர்கள் தொகைச்சொல் என்பர்.

கலைக்களஞ்சியம் தொகுப்போர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், பொருள்களை அகர வரிசையில் வைத்து விளக்கியது. இக்காலத்தில் பிறமொழிக் கலைக்களஞ்சியங்கள் சிலவற்றில், பொருள்களுக்கே அன்றி எண்களுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் உள்ளன. 42 என்பது ஒரு தலைப்பு. 45 என்பது மற்றொரு தலைப்பு. அவ்வெண்ணை எவ்வெவ் எண்களால் வகுக்கலாம் என்பது முதலிய கணக்கியல் செய்திகளோடு, வானியல், சமயம், வழக்காறு ஆகியவற்றில் அதற்குள்ள இடமும் அக்கட்டுரையில் கூறப்படும். இதுவரை தொல்லை இல்லை. விளையாட்டு நுழையும்போதுதான் கதவு தாழ்ப்பாளை இழக்கிறது.

விளையாட்டு முழுவதும் எண்ணால் ஆகியது. ஆடுவோர் தொகை ஓர் எண். களத்தின் நீளம் ஓர் எண். முதுகில் உள்ள சட்டை எண் வேறு. வெற்றியின் அளவும் எண்ணே. ஆகவே, எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதற்கு நூறு விளையாட்டுச் செய்திகளை ஒருவர் ஒரே நாளில் திரட்டிவிடலாம். ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கும். உண்மையாய் இருத்தல் மட்டும் போதுமா என்பதே வினா.

ஆட்டத்தின் விதியாய் அமைந்த எண்களைப் பற்றிப் பெரிய வழக்கு இல்லை. கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் ஓரணிக்குப் பதினொருவர், கபடியில் களத்தில் நிற்போர் எழுவர், சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் என்பவை ஐயமின்றி உரியவை. அவ்வெண் இல்லையேல் அவ்வாட்டமே வேறாகிவிடும். ஆயினும் விதியும் மாறக்கூடியது என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்தில் ஓர் ஓவருக்கு 1889 வரை நான்கு பந்துகளும், பின்னர் 1900 வரை ஐந்தும் வீசப்பட்டன. அதன் பின்னரே ஆறு வந்தது. ஆஸ்திரேலியாவில் எட்டுப் பந்து ஓவர் 1979 வரை இருந்தது. ஆண்டு குறியாமல் எழுதப்படும் விதி, நாளடைவில் பொய்யாய் முடியும்.

விதி எண்களுள் 22 சுவையானது. கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 22 கெசம். 1744-ஆம் ஆண்டு விதிகளிலேயே இவ்வளவு காணப்படுகிறது. இஃது ஆட்டக்காரர் கண்ட அளவன்று. எட்மண்டு கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1620-இல் நிலம் அளப்பதற்கு வகுத்த சங்கிலியின் நீளமே அது. அச்சங்கிலி 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே, பத்துச் செண்டு மனை சதுரமாய் இருக்குமாயின், அதன் ஒரு பக்கத்தின் நீளம் கிரிக்கெட்டுக் களத்தின் நீளமாகவே இருக்கும். உழவர் நிலத்தை அளந்த கருவி ஆட்டத்துள் புகுந்து நிலைத்த வரலாறு 22 என்னும் எண்ணுக்கே உரியது. ஓர் ஆட்டத்தில் இரு அணியிலும் சேர்ந்து 22 பேர் ஆடுவதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி, வியப்பூட்டும் செய்திகளுக்கு வருவோம். தொகுப்பாசிரியரை ஏமாற்றுவதில் இவற்றுக்கு இணை இல்லை. 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதின. பின்னாளில் அதுவே முதல் டெஸ்டு ஆட்டம் எனக் கொள்ளப்பட்டது. ஆஸ்திரேலியா இரண்டு முறையும் சேர்த்து 349 ஓட்டங்களும் இங்கிலாந்து 304 ஓட்டங்களும் எடுத்தன. வெற்றி 45 ஓட்டங்களால் அமைந்தது. நூறாண்டு நிறைவைக் கொண்டாட, 1977 மார்ச்சில் அதே களத்தில் அதே இரு நாடுகளும் மீண்டும் ஆடின. இம்முறை ஆஸ்திரேலியா 557, இங்கிலாந்து 512. மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே வெற்றி; வேறுபாடு அதே 45!

இதனைக் கேட்டு வியவாதார் இல்லை. 45 என்னும் கட்டுரையில் இதற்கு இடந்தர வேண்டும் என்றே எவர்க்கும் தோன்றும். ஆயின், சற்றே நின்று, அவ்வெண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். இரு முறையும் 46 ஓட்டங்களால் வெற்றி கிட்டியிருந்தால் வியப்புக் குறையுமா? 31 ஆக இருந்தால்? சிறிதும் குறையாது. வியப்பு, எண் ஒத்திருந்ததில் உள்ளது; 45-இல் இல்லை. ஆகவே இச்செய்தி டெஸ்டு ஆட்டத்தின் வரலாற்றுக்கு அணியாகும். 45-க்கு உரிமை ஆகாது.

எண்ணை மாற்றிப் பார்க்கும் இம்முறை எளியது. பெரும்பாலும் பயன் தருவது. ஆனால் இதனை மட்டுமே நம்பியவர் ஒரு பெரும் அநீதியைச் செய்துவிடக் கூடும். அதற்கு 42-ஐப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் தலையாய ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். அதன் உயர்நிலை அணிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், கறுப்பின மக்களுக்கு இடமே இல்லை. எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அணித் தலைவர்கள் தம்முள் ஒத்த மனமே போதுமாயிருந்தது. திறமை மிக்க கறுப்பின ஆட்டக்காரர்கள் தமக்கெனத் தனி அணிகள் அமைத்து ஆடி, முதுமை எய்தி மறைந்தனர். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் அணியில் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கினார். அவர் சட்டையின் எண் 42. வசைகளையும் அச்சுறுத்தல்களையும் பொறுத்து, அவர் 1956 வரை பத்துப் பருவங்கள் ஆடினார், 1972-இல் மறைந்தார்.

ராபின்சன் 42-ஐ அணிந்தது தற்செயல். அவருக்கு 24 கிடைத்திருந்தாலும் அவர் பட்ட துன்பமும் பெற்ற வெற்றியும் அவையே ஆகியிருக்கும். மாற்றிப் பார்க்கும் முறைப்படி நோக்கினால், 42-க்கு இச்செய்தியில் பங்கு இல்லை என்றே கூற வேண்டும். எனினும் கதை அங்கே முடியவில்லை. அவர் களம் புகுந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1997 ஏப்ரல் 15 அன்று, உயர்நிலை அணிகள் அனைத்துக்குமாக 42 என்னும் எண் விலக்கி வைக்கப்பட்டது. புதிதாக எவரும் அதனைப் பெறுதல் இயலாது. முன்னரே அணிந்திருந்தோர் மட்டும் தம் காலம் வரை அணியலாம். அவருள் இறுதியானவர் மாரியானோ ரிவேரா 2013-இல் ஓய்வு பெற்றார். 2009 முதல், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று நிலைமை தலைகீழாகிறது. மற்றை நாளில் எவரும் அணியக் கூடாத அவ்வெண்ணை, அன்று எல்லா அணிகளிலும் எல்லா ஆட்டக்காரரும் அணிகின்றனர். முதுகைப் பார்த்து ஆளை அறிய அன்று இயலாது.

மெல்போர்னில் நிகழ்ந்தது 45-ஐ எதுவும் செய்யவில்லை. அதன் பின் எவரும் 45-ஐப் போற்றவும் இல்லை, விலக்கவும் இல்லை. புரூக்ளினில் நிகழ்ந்ததோ 42-ஐ மாற்றிவிட்டது. எனவே, அந்நிகழ்ச்சிக்கு அவ்வெண் இன்றியமையாததா என்று கேட்பதோடு நில்லாமல், நிகழ்ச்சிக்குப் பின் மக்கள் அவ்வெண்ணை என்ன செய்தனர் என்றும் கேட்க வேண்டும். 2013-இல் ராபின்சனைப் பற்றி வந்த திரைப்படத்தின் பெயர் ‘42’ என்பதே. ஆள் பெயர் வேண்டியிருக்கவில்லை. மூவேந்தர் என்னும் சொல்லில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்திருக்கிறது.

இதே 42-க்கு உரிமை கொண்டாடி மாரத்தான் ஓட்டமும் வரக்கூடும். அதன் தொலைவு 42 கிலோமீட்டர் என்று பலரும் கூறுவர். உண்மையில் அது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில், விண்சர் அரண்மனையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் இருக்கைக்கு முன் முடியுமாறு அமைந்த தொலைவு அது. 1921-இல் உலகுக்குப் பொதுவாக்கப்பட்டது. ஓட்டக்காரர் எவரும் 42-இல் நிற்பதில்லை. நின்றால் தோற்றுவிடுவர்! இச்செய்தி மாரத்தான் என்னும் தலைப்பில் இருப்பதே முறை.

வியப்பும் வழக்காறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எண் 111. கிரிக்கெட்டில் ஓட்டத் தொகை 111-ஐ அடைந்தால் தீங்கு நேரும் என்று ஆங்கிலேயரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அத்தொகைக்கு ‘நெல்சன்’ என்பது பெயர். கப்பற்படைத் தலைவர் நெல்சனுக்கு ஒரு கண், ஒரு கை, ஒரு கால் எஞ்சியிருந்தமையால் இப்பெயர் வந்தது என்று காரணம் கூறுவர். இக்காரணம் பிழையானது. நெல்சன் ஒரு கண்ணின் பார்வையையும் ஒரு கையையும் போரில் இழந்தவர். கால்கள் இரண்டும் இறுதிவரை நலமாகவே இருந்தன. ஆயினும் நம்பிக்கை கால்களை எண்ணிப் பார்ப்பதில்லை. டேவிட் ஷெப்பர்டு என்னும் புகழ்பெற்ற ஆங்கில நடுவர், தொகை 111-இலோ 222-இலோ நிற்கும்போது, அது நகரும் வரை ஒரு காலைத் தூக்கித் துள்ளிக்கொண்டே இருப்பார். அதனைக் காண்பதற்கென்றே கூட்டம் காத்திருக்கும்.

இந்நம்பிக்கை 111-க்கு உரியதே. அங்கன்றி வேறெங்கும் இது பொருள்படாது. ஆனால் எழுதும்போது, நம்பிக்கையை நம்பிக்கை என்றும், காரணத்தைப் பிழைபட்ட காரணம் என்றும் எழுத வேண்டும். வழக்கில் உள்ளது என்பதனாலேயே பொய்க்கு மெய்யின் உடை உடுத்தலாகாது.

2011 நவம்பர் 11-ஆம் நாள், கேப் டவுன் நகரில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. காலை 11 மணி 11 நிமிடம். அப்பொழுது தென்னாப்பிரிக்கா வெற்றி பெற வேண்டியிருந்த ஓட்டங்கள் சரியாக 111. பதினொன்றாம் ஆண்டு, பதினொன்றாம் திங்கள், பதினொன்றாம் நாள்! இதனைச் சேர்ப்பதா, விடுப்பதா? அறிவுடையோர் இருவேறு கருத்துக் கொள்ளக்கூடிய இடம் இது. கிரிக்கெட்டு வரலாற்றுக்கு, அவ்வாட்டத்தின் முந்தைய நாளே முதன்மையானது. அன்று ஒரே நாளில் 23 விக்கெட்டுகள் விழுந்தன. ஆஸ்திரேலியா 47 ஓட்டங்களில் சுருண்டது. காலக்கணக்கின் ஒற்றுமையோ, நாட்காட்டியும் கடிகாரமும் கூடி ஆடிய வேடிக்கை. ஆயினும் அந்த ஒரு நிமிடத்தில், நடுவர் இயன் கூல்டும் கூட்டத்தில் பெரும்பாலோரும் ஒற்றைக் காலில் நின்றனர். 111-ஐப் பற்றிய பழைய நம்பிக்கையை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு அஃது ஒரு சான்று. அக்காரணம் பற்றி, நெல்சன் பற்றிய செய்தியின் வாலாக ஒரு வரி தரலாம். தனிப் பத்தி தருதல் மிகை.

சில செய்திகள் எண்ணுக்கு உரியவையாய் இருந்து, பின்னர் உரிமை இழக்கும். 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், பதினான்கு அகவைச் சிறுமியான நாடியா கொமானச்சி, ஒரு குறையும் இன்றிச் சீருடற்பயிற்சி செய்து நிறை மதிப்பெண்ணாகிய பத்தைப் பெற்றார். பத்து எவர்க்கும் கிட்டாது என்று எண்ணி அமைத்த பலகையில் 10.00 என்று காட்ட இடம் இல்லை, 1.00 என்றே காட்டிற்று. முழுமைக்கு அடையாளம் பத்து என்னும் எண்ணம் அன்று உலகெங்கும் பரவியது. 2006-இல் மதிப்பிடும் முறையே மாறி, பத்து என்னும் மேல்வரம்பு நீங்கிவிட்டது. ஆகவே இன்று எழுதுவோர் ‘சீருடற்பயிற்சியில் நிறை மதிப்பெண் பத்து’ என்று எழுதினால் பிழை; ‘பத்தாக இருந்தது’ என்று எழுதினால் சரி. ஒரே சொல்லில் மெய் பொய்யாகிறது.

டொனால்டு பிராட்மனின் எண்ணைப் பற்றியும் ஆராய்தல் வேண்டும். அவர் 52 டெஸ்டு ஆட்டங்களில் 80 முறை மட்டை பிடித்து, பத்து முறை ஆட்டமிழவாது நின்று, 6996 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்த 70 முறைக்குச் சராசரி 99.94. 1948 ஆகஸ்டு 14 அன்று இலண்டனில் தம் இறுதி ஆட்டத்துக்கு அவர் வந்தபோது, நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக நூறாய் அமைந்திருக்கும். எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே, ஓட்டம் எதுவும் எடாமல் அவர் ஆட்டமிழந்தார். இதனை எந்த எண்ணின் கீழ் வைப்பது? நூற்றின் கீழ் எனின், அவர் நூற்றை எய்தவில்லை. நான்கின் கீழ் எனின், நான்கு ஓட்டங்களுக்கு ஏங்கியோர் உலகில் அவர் ஒருவரே அல்லர். 99.94 என்பதற்கோ தனிக் கட்டுரை அமைவதில்லை. ஆனால், ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் தன் அஞ்சல் பெட்டிக்கு 9994 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டது. பிராட்மன் நினைவாகவே எடுத்துக்கொண்டது என்பர். கிரிக்கெட்டு ஆடியறியாத ஒருவரும் தம் உறையின் மீது அவ்வெண்ணை எழுதி அனுப்புகிறார். ஆட்டக் களத்தை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்ட எண் அது. 9994-க்கு ஒரு கட்டுரை எழுதப்படுமானால், அதன் முதல் வரி இதுவாகவே இருக்கும்.

கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன், 2010-இல் காலி நகரில் தம் இறுதி டெஸ்டு ஆட்டத்தைத் தொடங்கியபோது 792 விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார். இதுவே தம் கடைசி ஆட்டம் என்று முன்னரே அறிவித்தும் விட்டார். எட்டு விக்கெட்டுகள் வேண்டும். தவறினால் மறுமுறை இல்லை. ஜூலை 22 அன்று, டெஸ்டு ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட்டு விழுந்தது. தமிழர் என்னும் அன்பினால் இதனைச் சேர்த்தல் வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கலாம். அன்பைக் காரணமாகக் கொண்டால், ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊரினரைக் கொண்டுவந்து நிறுத்துவர். இச்செய்திக்கு அத்துணை வேண்டுவதில்லை. 42-க்கு வைத்த அதே அளவுகோலை இங்கு வைத்தாலும் போதும். அவரைப் பற்றி 2023-இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படத்தின் பெயர் ‘800’. மேலும், 800 போன்ற பெரிய எண்களின் கட்டுரையில் குடியிருப்போர் குறைவு. பத்தின் கீழும் ஏழின் கீழும் இடம் கேட்டு நெருக்குவோர்க்கு இங்கே வேலை இல்லை.

அச்சிட்ட நூலுக்குத் தாள் செலவு உண்டு. மின்வழிக் கலைக்களஞ்சியத்துக்கு அச்செலவும் இல்லையே, எல்லாவற்றையும் சேர்த்தால் கெடுவது என்ன என்று சிலர் வினவுவர். தாள் குறையாது என்பது மெய்தான். குறைவது படிப்போரின் பொறுமை. 42-ஆம் எண் சட்டை அணிந்த கால்பந்து வீரர் பெயர்கள், 42 ஓட்டங்களில் ஆட்டமிழந்த அணிகள், 42 அகவையில் பட்டம் வென்றோர் என ஐம்பது செய்திகள் வரிசையாய் நின்று, முப்பத்தேழாவதாக ‘ஜாக்கி ராபின்சனின் சட்டை எண்’ என்று ஒரு வரி இருந்தால், அதனைப் படிக்கும் மாணவன் மற்றவற்றோடு அதையும் கடந்து போவான். அவ்வாறு ஓர் எண்ணைத் திறந்து பார்த்தும், அறுபது ஆண்டுக் காலக் கொடுமை ஒன்று முறிந்த செய்தி அவன் கண்ணில் படாமற் போகும். விலக்கி வைக்க மனம் வராத தொகுப்பாசிரியர், அச்செய்தியைத் தம் கையாலேயே மறைத்தவராவார்.

ஆகவே தொகுப்போரின் மேசையில் சீட்டுகள் பிரிக்கப்படுகின்றன. ராபின்சனின் சீட்டு 42 என்னும் பெட்டிக்குச் செல்கிறது. மாரத்தான் சீட்டு மகர வரிசைக்குச் செல்கிறது. மெல்போர்ன் சீட்டைக் கையில் எடுத்தவர், ஒருமுறை படித்து வியந்து, மறுமுறையும் படித்து, பின்னர் அதன் தலைப்பில் இருந்த 45-ஐ அடித்து, ‘டெஸ்டு ஆட்டம் — வரலாறு’ என்று எழுதி வைக்கிறார்.